ட்ரீம்காஸ்ட் ஹோம்ப்ரூ வரலாறு

ட்ரீம்காஸ்ட் என்பது ஜப்பானின் சேகா நிறுவனம் வெளியிட்ட கடைசி வீட்டு வீடியோ விளையாட்டுக் கருவி. 1998 நவம்பர் 27 அன்று ஜப்பானிலும், 1999 செப்டம்பர் 9 அன்று வட அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. 2001 மார்ச் இறுதியில் இதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. மொத்தம் விற்றவை ஏறத்தாழ 91 லட்சம் கருவிகள். போட்டியாளரான சோனியின் பிளேஸ்டேஷன் 2 பிற்பாடு 15 கோடியைத் தாண்டியது. விற்பனைக் கணக்கில் ட்ரீம்காஸ்ட் தோற்றுப்போன கருவிதான். ஆனாலும் கைவிடப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலான பிறகும் அதற்குப் புதிய விளையாட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை எழுதுபவர்கள் சேகாவின் ஊழியர்களும் அல்லர், சேகாவிடம் உரிமம் பெற்றவர்களும் அல்லர். கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் அனுமதியோ உதவியோ இல்லாமல் ஆர்வலர்கள் தாமே உருவாக்கும் இத்தகைய மென்பொருளுக்கு ஹோம்ப்ரூ என்று பெயர்.

பூட்டு ஏன்?

விளையாட்டுக் கருவியும் உள்ளுக்குள் ஒரு கணினிதான். ட்ரீம்காஸ்டில் ஹிட்டாச்சியின் 200 மெகாஹெர்ட்ஸ் எஸ்எச்-4 செயலியும், 16 மெகாபைட் முதன்மை நினைவகமும், பவர்விஆர் வகை வரைகலைச் சிப்பும் உண்டு. ஆனால் கணினியைப் போல எவரும் எழுதிய நிரலை இதில் இயக்க முடியாது. கருவியை அடக்க விலைக்கோ அதற்கும் குறைவாகவோ விற்றுவிட்டு, அதற்காக வெளியாகும் ஒவ்வொரு விளையாட்டின் மீதும் உரிமத் தொகை வாங்குவது இத்துறையின் வழக்கம். உரிமம் பெறாத விளையாட்டு ஓடினால் அந்த வருமானம் போய்விடும். ஆகவே கருவியிலேயே ஒரு பூட்டு இருக்கும். 1985இல் அமெரிக்காவுக்கு வந்த நிண்டெண்டோ கருவியில் இதற்கென்றே தனிச் சிப் இருந்தது.

சேகா தன் பூட்டை வட்டிலேயே வைத்தது. யமஹாவுடன் சேர்ந்து உருவாக்கிய ஜிடி-ரோம் என்னும் வட்டு பார்வைக்குச் சாதாரண சிடியைப் போலவே இருக்கும். ஆனால் வெளிப்பகுதியில் தரவை நெருக்கமாகப் பதித்து ஏறக்குறைய ஒரு ஜிகாபைட் வரை கொள்ளும். அந்தப் பகுதியைக் கணினியின் சிடி இயக்கி படிக்காது. வெற்று ஜிடி-ரோம் கடையில் கிடைக்காது. நகலெடுக்க நினைப்பவருக்குப் படிக்கவும் வழியில்லை, எழுதவும் வழியில்லை. காகிதத்தில் பார்த்தால் கெட்டியான ஏற்பாடு.

மில்-சிடி

சேகா பின்வாசலைத் தானே திறந்து வைத்தது. மில்-சிடி என்பது இசை வட்டுகளுக்காக அந்நிறுவனம் கொண்டுவந்த ஒரு வடிவம். பாட்டுப் பெட்டியில் போட்டால் பாட்டு மட்டும் கேட்கும். ட்ரீம்காஸ்டில் போட்டால் கூடவே படங்களும் பட்டியல்களும் திரையில் வரும். அச்சிட எளிதாக இருக்க வேண்டும் என்பதால் இது சாதாரண சிடியிலேயே அமைந்தது. முதல் பகுதியில் இசை, இரண்டாம் பகுதியில் நிரல். அதாவது, சாதாரண சிடியிலிருந்தும் நிரலை ஏற்றி இயக்கும் வசதி ட்ரீம்காஸ்டுக்குள் பிறவியிலேயே இருந்தது. இந்த வடிவில் ஜப்பானில் வெளிவந்த வட்டுகள் பத்தைக்கூட எட்டவில்லை. யாருக்கும் பெரிதாகப் பயன்படாத ஒரு வசதிக்காக முழுப் பாதுகாப்பும் பணயம் வைக்கப்பட்டது என்பதே உண்மை.

சேகா ஒரு தடுப்பை மட்டும் வைத்திருந்தது. மில்-சிடியிலிருந்து நிரலை ஏற்றும்போது கருவி அதன் துண்டுகளை ஒரு குறிப்பிட்ட விதிப்படி இடம் மாற்றும். ஜிடி-ரோமில் உள்ள விளையாட்டை அப்படியே சிடிக்கு மாற்றினால், இந்த இடமாற்றத்தில் அது சீட்டுக்கட்டைக் கலைத்ததுபோல் சிதறி நின்றுவிடும். ஆனால் கலைக்கும் விதி எப்போதும் ஒன்றே. விதி தெரிந்தவர் நிரலை முன்கூட்டியே எதிர்த்திசையில் கலைத்து எழுதிவிட்டால், கருவி செய்யும் கலைப்பில் அது ஒழுங்குக்கு வந்துவிடும். பூட்டு அவ்வளவுதான்.

2000 ஜூனில் யுடோபியா என்ற குழு ஒரு தொடக்க வட்டை வெளியிட்டது. அதைப் போட்டால் திரையில் ஒரு முப்பரிமாணக் கலைமான் சுழலும். பிறகு அந்த வட்டை எடுத்துவிட்டு நகல் விளையாட்டைப் போட வேண்டும். சில மாதங்களில் தொடக்க வட்டே தேவைப்படாத, தானே ஓடும் நகல்கள் வந்துவிட்டன. அசல் வட்டைப் படிக்க எளிதில் கிடைத்த கருவி ட்ரீம்காஸ்ட்தான் என்பதால், அதன் பின்புறத் தொடர் துளையைக் கணினியுடன் கம்பியால் இணைத்துப் பல மணி நேரம் காத்திருந்து தரவை வெளியே எடுத்தார்கள். ஒரு ஜிகாபைட் விளையாட்டு 700 மெகாபைட் சிடியில் அடங்காதபோது இசையின் தரம் குறைக்கப்பட்டது, காணொளிகள் வெட்டப்பட்டன. சேகா பின்னாளில் தயாரித்த சில கருவிகளில் மில்-சிடி வசதியை நீக்கியது. அதற்குள் காலம் கடந்திருந்தது.

ட்ரீம்காஸ்டைக் கொன்றது கள்ள நகல்தான் என்று இன்றும் பலர் சொல்வதுண்டு. தேதிகள் அதற்கு இடம்கொடுக்கவில்லை. தயாரிப்பை நிறுத்தும் முடிவை சேகா அறிவித்தது 2001 ஜனவரி 31இல், அதாவது யுடோபியா வட்டு வந்து ஏழே மாதங்களில். சாட்டர்ன் கருவியின் தோல்வியால் வந்த நட்டம், ட்ரீம்காஸ்டுக்கு விளையாட்டு தர மறுத்த எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், டிவிடி படமும் காட்டும் பிளேஸ்டேஷன் 2க்காகக் காத்திருந்த வாடிக்கையாளர்கள் என்று காரணங்கள் அதற்கு முன்பே குவிந்திருந்தன. நகல் வட்டுகள் விழுந்துகொண்டிருந்த சுவரை இன்னும் கொஞ்சம் தள்ளின என்று சொல்லலாம்.

காலிஸ்டி ஓஎஸ்

கள்ள நகல் எடுப்பவர்கள் நுழைந்த அதே வாசல் வழியாகவே ஹோம்ப்ரூ எழுதுபவர்களும் வந்தார்கள். வட்டை எரிக்கும் முறை இருவருக்கும் ஒன்றுதான். இதனால் ஹோம்ப்ரூவுக்கு ஆரம்பம் முதலே ஒரு கறை ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்க வேண்டுமானால் சேகாவுக்குச் சொந்தமான ஒரு வரி நிரல்கூட இல்லாமல் வேலை செய்ய வேண்டும். சேகாவின் அதிகாரப்பூர்வ மென்பொருள் தொகுப்பைக் கொண்டு எழுதிய எதையும் உரிமம் இல்லாமல் வெளியிட முடியாது.

இங்கேதான் சிலருடைய பொறுமையான உழைப்பு பலன் தந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் காம்ஸ்டெட் கருவியின் உள்ளமைப்பை ஆராய்ந்து, எந்த முகவரியில் எந்தச் சிப் பதில் சொல்கிறது என்பதுவரை குறிப்புகளாக எழுதி எல்லோருக்கும் திறந்துவைத்தார். மேலே சொன்ன கலைப்பு விதிக்கான நிரலும் அவருடையதே. கிரிப்டிக் அல்யூஷன் என்ற சிறு குழுவிலிருந்து காலிஸ்டி ஓஎஸ் என்னும் அடிப்படை நிரல் தொகுப்பு பிறந்தது. படம் வரைவது, ஒலி எழுப்புவது, கைப்பிடியின் பொத்தான்களைப் படிப்பது என எல்லாவற்றையும் சேகாவின் துணையின்றி இது செய்தது. கட்டற்ற உரிமத்தில் வெளியானதால் இதைக் கொண்டு எழுதிய விளையாட்டை விற்கவும் தடை இல்லை. கட்டற்ற கம்பைலரான ஜிசிசி எஸ்எச்-4 செயலிக்கும் நிரல் உருவாக்கித் தந்தது. இப்படிப் பணம் செலவழிக்காமலே முழுப் பட்டறையும் அமைந்துவிட்டது.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு சிடியை எரித்து வீணாக்க வேண்டியதில்லை. ஒரு சிறு ஏற்றி நிரலை வட்டிலிருந்து ஒருமுறை இயக்கிவிட்டால், பிறகு கணினியிலிருந்து கம்பி வழியாகவே புதிய நிரலை அனுப்பலாம். தொடர் கம்பியில் ஒரு மெகாபைட் போய்ச் சேர ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆகும். சேகாவின் அரிதான பிராட்பேண்ட் இணைப்புப் பெட்டி வைத்திருந்தவர்களுக்கு அது சில நொடி வேலை.

சட்டத்தில் ஒரு பழைய துணையும் இருந்தது, அதுவும் சேகாவே தோற்ற வழக்கு. சேகாவின் முந்தைய கருவியை ஆராய்ந்து உரிமமின்றி விளையாட்டு வெளியிட்ட அக்கொலேட் நிறுவனத்துக்கு ஆதரவாக 1992இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கருவியோடு இணங்கி இயங்குவதற்காக அதைப் பிரித்துப் படிப்பது நியாயமான பயன்பாடே என்பது அதன் சாரம். ஆனால் சட்டம் பக்கம் நின்றாலும் செலவு தாங்க வேண்டும். பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை ட்ரீம்காஸ்டில் ஓட்டும் ப்ளீம்காஸ்ட் வட்டுகளை 2001இல் வெளியிட்ட ப்ளீம் நிறுவனம், சோனி தொடுத்த வழக்குகளின் செலவைத் தாங்காமல் அதே ஆண்டில் மூடப்பட்டது.

விற்பனைக்கு வந்தவை

2003இல் கிரிப்டிக் அல்யூஷன் ஃபீட் ஆஃப் ஃப்யூரி என்ற நடன விளையாட்டை வெளியிட்டது. காலிஸ்டி ஓஎஸ் கொண்டு எழுதி, அச்சிட்ட வட்டாக விலைக்கு விற்கப்பட்டது இது. 2007இல் காரஸ் என்ற ஜப்பானிய விளையாட்டுடன் சேகாவின் உரிமம் பெற்ற வெளியீடுகள் முடிவுக்கு வந்தன. அதே ஆண்டில் லாஸ்ட் ஹோப் என்ற விண்கலச் சண்டை விளையாட்டு உரிமம் இல்லாமல் வந்தது. ஆகவே இடைவெளி என்று ஒன்று விழவே இல்லை. 2013இன் ஸ்டர்ம்விண்ட், அதன் காட்சிகளுக்காக இன்றும் தனித்துப் பேசப்படுகிறது.

கருவியைத் திருத்துதல்

நிரல் எழுதுபவர் இருந்தாலும் கருவி உயிரோடு இருக்க வேண்டும். ட்ரீம்காஸ்டில் முதலில் தேய்வது வட்டைப் படிக்கும் லேசர் பகுதி. அதற்குப் புதிய உதிரிபாகம் எந்தத் தொழிற்சாலையிலும் தயாராவதில்லை. ஜிடிஇமு என்னும் மாற்றுப் பலகை இந்த வட்டு இயக்கியை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, எஸ்டி அட்டையிலிருந்து தரவைத் தருகிறது. வட்டு இயக்கி இணைந்திருந்த பாதை கணினியின் பழைய ஏடிஏ முறையை ஒத்திருப்பதால், அதிலேயே கம்பிகளைப் பற்றவைத்து ஹார்ட் டிஸ்க் பொருத்தியவர்களும் உண்டு. திருத்தம் செய்யும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: வட்டு இயக்கியை எடுத்துவிட்டால் 12 வோல்ட் மின்சாரத்தைப் பயன்படுத்த ஆளில்லாமல் பவர் சப்ளை சூடாகும். அதனால் சிலர் அதையும் மாற்றிவிடுகிறார்கள். 16 மெகாபைட் நினைவகத்தைக் கழற்றி 32 மெகாபைட் பொருத்தும் நுட்பமான வேலையும் நடக்கிறது. புதிய காலிஸ்டி ஓஎஸ் அதையும் அடையாளம் காண்கிறது.

2024இன் இறுதியில் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3 விளையாட்டை ஆர்வலர் குழு ஒன்று ட்ரீம்காஸ்டில் ஓடவைத்தது. 2001 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2இல் வெளிவந்த இந்த விளையாட்டுக்கு அங்கே 32 மெகாபைட் முதன்மை நினைவகம் இருந்தது. இங்கே இருப்பது பாதி. நகரத்தின் கட்டடங்களையும் வண்டிகளையும் அதற்குள் அடக்குவதில்தான் பெரும்பாடு. இதற்கு அடிப்படையான நிரல், மூல விளையாட்டைப் பிரித்துப் படித்து ஆர்வலர்கள் மீட்டெழுதியது. அதை எழுதியவர்கள் மீது விளையாட்டின் உரிமையாளரான டேக்-டூ 2021இல் வழக்குத் தொடுத்திருந்தது. ட்ரீம்காஸ்ட் குழு விளையாட்டின் படங்களையோ ஒலிகளையோ தருவதில்லை. கணினிக்கான அசல் பிரதியை வைத்திருப்பவர் அதிலிருந்து கோப்புகளை எடுத்து, தன் கணினியிலேயே நிரலோடு சேர்த்து வட்டை உருவாக்கிக்கொள்ள வேண்டும்.