மின் பல்துலக்கித் தலை

மின் பல்துலக்கித் தலை என்பது மின்னாற்றலால் இயங்கும் பல்துலக்கியின் கைப்பிடியில் செருகப்படுவதும், தேய்ந்தபின் கழற்றி மாற்றப்படுவதுமான உறுப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது பிரஷ் ஹெட் எனப்படும். பல்லைத் தொடும் நைலான் இழைகள், அவற்றைத் தாங்கும் நெகிழித் தட்டு, கைப்பிடியின் உலோகத் தண்டின் மேல் அமரும் கழுத்து ஆகியன இதன் பகுதிகள். மின்னோடியும் மின்கலமும் கைப்பிடிக்குள் இருக்கும். கைப்பிடி பல ஆண்டுகள் உழைக்கக்கூடியது. தலையின் ஆயுள் ஏறத்தாழ மூன்று மாதங்களே.

எல்லாத் தலைகளும் எல்லாக் கைப்பிடிகளுக்கும் பொருந்துவதில்லை. பொருத்தும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு வரிசைகளுக்கு இடையிலும் மாறுபடும். ஆகவே கைப்பிடியை வாங்கும் முன்பே அதற்கான தலை தொடர்ந்து கிடைக்குமா என்பதை அறிந்துகொள்வது தேவையாகிறது.

வரலாறு

குச்சியின் நுனியை மென்று தூரிகையாக்கிப் பல் துலக்குவது தமிழகத்தின் பழைய வழக்கம். வேம்பு, ஆல், கருவேலம் ஆகிய மரங்களின் குச்சிகள் இதற்குப் பயன்பட்டன. துலக்கியபின் குச்சி எறியப்படும். மறுநாள் புதிய குச்சி ஒடிக்கப்படும். ஒரே தூரிகையை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்த பிறகே, அதை எப்போது மாற்றுவது என்ற கேள்வியும் எழுந்தது.

தொடக்கத்தில் பல்துலக்கிகளில் பன்றி மயிர் பயன்பட்டது. 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் நைலான் இழை கொண்ட பல்துலக்கி விற்பனைக்கு வந்தது. இன்றைய மின் பல்துலக்கித் தலைகளிலும் நைலான் இழைகளே பெரும்பாலும் உள்ளன.

மின் பல்துலக்கி 1954 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் பிலிப்-கி வூக் என்பவரால் உருவாக்கப்பட்டது. புரோக்சோடென்ட் என்ற பெயருடைய இக்கருவியை 1960 இல் ஸ்குவிப் நிறுவனம் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. இது மின்கம்பி மூலம் இயங்கியது. 1961 இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் மின்னேற்றக்கூடிய கம்பியற்ற கருவியை வெளியிட்டது. ஒரே கைப்பிடியை வீட்டார் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு தலையைப் பயன்படுத்தும் முறை அக்காலம் முதலே உண்டு.

1991 இல் பிரவுன் ஓரல்-பி நிறுவனத்தின் வட்டத்தலைக் கருவி வெளிவந்தது. 1992 இல் சோனிகேர் வந்தது. இது தொழில்முனைவர் டேவிட் கியுலியானி, வாசிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் எங்கெல், ராய் மார்ட்டின் ஆகியோரின் முயற்சியில் உருவானது. சோனிகேரை 2000 ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனமும், ஓரல்-பியை 2005 ஆம் ஆண்டில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனமும் தம்வசப்படுத்தின. இன்று சந்தையிலுள்ள தலைகளின் இரு பெரும் வடிவங்கள் இவ்விரு கருவிகளிலிருந்து வந்தவை.

இயங்கும் முறையும் தலையின் வடிவமும்

தலையின் வடிவம் கைப்பிடியின் இயக்கத்தைப் பொறுத்தது. இரு முதன்மை வகைகள் உள்ளன.

• அரைச்சுழற்சி வகை: தலை சிறிய வட்டமாக இருக்கும். அது முழுச் சுற்றும் சுற்றாமல், ஒரு பக்கம் சிறிது சுழன்று மறுபக்கம் திரும்பும். இவ்வகையின் பல கருவிகளில் நிமிடத்திற்கு 8,800 சுழற்சி அசைவுகள் வரை நிகழும். கழுத்தின் உள்ளே தண்டின் அசைவை வட்டத்தட்டுக்கு மாற்றும் சிறு பொறியமைவு உண்டு. எனவே தலையை மாற்றும்போது இயந்திரத்தின் ஒரு பகுதியும் சேர்ந்து மாறுகிறது.

• ஒலியலை வகை: தலை சாதாரணப் பல்துலக்கியைப் போல் நீள்வடிவில் இருக்கும். தண்டு நொடிக்கு ஏறத்தாழ 260 முறை அதிரும். ஒவ்வோர் அதிர்விலும் போதல், வருதல் என இரு வீச்சுகள் இருப்பதால், இது நிமிடத்திற்குச் சுமார் 31,000 வீச்சுகள் எனக் குறிக்கப்படுகிறது. ஒலி கேட்கும் அதிர்வெண் எல்லைக்குள் இது அமைவதால் இப்பெயர் வந்தது.

ஒலியலை வகையில் கைப்பிடியும் தலையும் சேர்ந்தே ஓர் அதிர்வுத் தொகுதியாகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சிறு விசையிலேயே அது உயர ஆடுவதுபோல, தொகுதியின் இயல்பான அதிர்வெண்ணோடு மின்னோடி ஒத்திசையும்போது வீச்சு மிகும். தலையின் நிறை மாறினால் இந்த இயல்பு அதிர்வெண்ணும் மாறும். அதனால், தண்டில் சரியாக அமரும் ஒரு தலைகூட நிறை வேறுபட்டிருந்தால் அதிர்வைக் குறைக்கலாம். கைப்பிடியில் இரைச்சலையும் மிகுதிப்படுத்தலாம்.

பல்லின் மேல் நுண்ணுயிர்கள் சேர்ந்து படியும் ஒட்டுந்தன்மையுள்ள பற்படலத்தை அகற்றுவதே இரு வகைகளின் பணியும். காக்ரேன் அமைப்பு 2014 இல் வெளியிட்ட திறனாய்வு 56 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. கையால் துலக்கும் கருவிகளை விட மின் பல்துலக்கிகள் மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட பயன்பாட்டில் பற்படலத்தை 21 விழுக்காடும், ஈறு அழற்சியை 11 விழுக்காடும் கூடுதலாகக் குறைத்தன என அது கண்டது. ஆய்வுச் சான்றுகளில் பெரும்பகுதி அரைச்சுழற்சி வகையைச் சார்ந்ததாகும்.

பொருத்தம்

தலையைத் தெரிவு செய்வதில் முதலில் பார்க்கவேண்டியது பொருத்தம். வெளித்தோற்றத்தைக் கொண்டு இதை முடிவு செய்ய இயலாது. கைப்பிடியின் அடியிலோ பின்புறத்திலோ அச்சிடப்பட்டிருக்கும் மாதிரி எண்ணைத் தலையின் உறையிலுள்ள பட்டியலோடு ஒப்பிடவேண்டும்.

• ஓரல்-பி: வைட்டாலிட்டி, புரோ, ஜீனியஸ் ஆகிய அரைச்சுழற்சி வரிசைகள் பொதுவாக ஒரே தலைகளை ஏற்கும். 2020 இல் வெளிவந்த ஐஓ வரிசை காந்த இயக்கம் கொண்டது. இதன் தலைகள் பழைய வரிசைகளுக்குப் பொருந்தா. பழைய தலைகள் இதற்குப் பொருந்தா. பல்சோனிக் எனப்படும் நீள்தலை வகைக்குத் தனித் தலைகள் உண்டு.

• பிலிப்ஸ் சோனிகேர்: பழைய கைப்பிடிகளில் தலை மரையால் திருகி இறுக்கப்பட்டது. பின்வந்தவற்றில் தலை அழுத்திச் செருகப்படுகிறது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பயன்படா. செருகு வகைத் தலைகள் பெரும்பாலான செருகு வகைக் கைப்பிடிகளுக்குப் பொருந்தும். சில தலைகளில் உள்ள சில்லு, தலை பயன்பட்ட நேரத்தைக் கைப்பிடிக்குத் தெரிவிக்கும்.

• பிற நிறுவனங்கள்: இந்தியச் சந்தையில் இணையவழி விற்கப்படும் பல ஒலியலைக் கருவிகள் தத்தமக்குரிய தலைகளைக் கொண்டவை. விற்பனை நின்றுபோன மாதிரிக்குத் தலை கிடைக்காவிடில், நல்ல நிலையிலுள்ள கைப்பிடியும் பயனற்றுப் போகும்.

மலிவான மின்கலக் கருவிகள் சிலவற்றில் தலையைக் கழற்ற இயலாது. இழை தேய்ந்ததும் முழுக் கருவியையும் எறியவேண்டிவரும்.

இழைகளின் தன்மை

இழையின் விறைப்பு அதன் விட்டம் கூடும்போது மிகும், நீளம் கூடும்போது குறையும். மென்மையான இழையின் விட்டம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர், நடுத்தர இழை 0.3, கடின இழை 0.4. நீளம் ஒன்றாயின், 0.3 மில்லிமீட்டர் இழை 0.2 மில்லிமீட்டர் இழையை விட மிகவும் விறைப்பானது. சிறிய வேறுபாடாகத் தோன்றுவது ஈறுக்குப் பெரிய வேறுபாடாகும்.

மின் பல்துலக்கியில் அசைவைக் கருவியே தருவதால் கடின இழைக்குத் தேவை இல்லை. பெரும்பாலோருக்கு மென்மையான இழையே ஏற்றது. இழையின் நுனி உருண்டையாக மழிக்கப்பட்டிருப்பதும் இன்றியமையாதது. வெட்டியபடியே விடப்பட்ட கூர்நுனி ஈறைக் கீறும்.

தேவைக்கேற்ற தெரிவு

• பொதுப் பயன்பாடு: நிறுவனத்தின் வழக்கமான மென்மைத் தலை போதுமானது.
• பல் கூச்சம், ஈறு இறக்கம்: மிக மென்மையான இழைகள் கொண்ட, உணர்திறன் மிக்க பற்களுக்கெனக் குறிக்கப்பட்ட தலை.
• பல் கிளிப் அணிந்தோர்: கம்பியைச் சுற்றி இழை செல்லும் வகையில் அமைந்த சிறு தலை. கிளிப் இழையை விரைவில் தேய்ப்பதால் அடிக்கடி மாற்றவேண்டும்.
• சிறுவர்: சிறிய தலை, மென்மையான இழை. பெரியவர் துணையோடு பயன்படுத்தவேண்டும்.
• வெண்மையாக்கும் தலை: மேற்பரப்புக் கறையை மட்டும் தேய்த்து நீக்கும், பல்லின் இயல்பான நிறத்தை மாற்றாது. இவற்றுள் சிலவற்றின் நடுவில் ரப்பர்க் கிண்ணம் இருக்கும்.

விலை மிகுந்த தலை மேலான தலை என்பதற்கில்லை. ஒருவர் ஆண்டுக்கு நான்கு தலைகளைப் பயன்படுத்துவார். நால்வர் உள்ள குடும்பத்திற்குப் பதினாறு தலைகள் தேவை. தலையின் விலை கட்டுப்படியாகாமல் தேய்ந்ததையே தொடர்ந்து பயன்படுத்துவதை விட, எளிய தலையை உரிய காலத்தில் மாற்றுவது பயன் தரும்.

மாற்றும் காலம்

பல்துலக்கியையும் அதன் தலையையும் 3 முதல் 4 மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது. இழைகள் விரிந்தோ வளைந்தோ போனால் அதற்கு முன்பே மாற்றவேண்டும். நாளொன்றுக்கு இருமுறை, இரண்டு நிமிடம் வீதம் துலக்கினால், 90 நாளில் ஒரு தலை 360 நிமிடம், அதாவது ஆறு மணி நேரம் இயங்குகிறது. ஒலியலை வகையில் இது ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீச்சுகளாகும்.

சில தலைகளில் நிறமூட்டிய இழைகள் உள்ளன. அவற்றின் நிறம் பாதியளவு மங்கினால் மாற்றும் காலம் வந்தது எனப் பொருள். சில வாரங்களிலேயே இழை விரிந்துவிட்டால் அழுத்தம் மிகுதி என்பதை உணரலாம். மின் பல்துலக்கியைப் பல்லின் மேல் வைத்து மெல்ல நகர்த்தினால் போதும், அழுத்தித் தேய்க்கக்கூடாது.

பாதுகாப்பு

சரியாக அமராத தலை இயங்கும்போது கழன்று வாய்க்குள் விழக்கூடும். 2012 ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஸ்பின்பிரஷ் என்ற மின்கலப் பல்துலக்கி குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. பயன்பாட்டின்போது தலை கழன்றோ உடைந்தோ போனதால் பல் சிதைவு, வாய்க்காயம், மூச்சடைப்பு அச்சம் ஆகியன ஏற்பட்டதாக முறையீடுகள் வந்திருந்தன. பயன்படுத்தும் முன் தலை உறுதியாக உள்ளதா எனப் பார்ப்பதும், இயங்கும் தலையைக் கடிக்காதிருப்பதும், சிறுவரைக் கவனிப்பதும் அதில் அறிவுறுத்தப்பட்டன. இவை எல்லா வகைக் கருவிகளுக்கும் பொருந்தும்.

பிற நிறுவனங்கள் தயாரிக்கும் மாற்றுத் தலைகளும் இணையவழி கிடைக்கின்றன. அவற்றுள் நல்லவையும் உண்டு. எனினும் தளர்வான பொருத்தம், உதிரும் இழை, மழிக்கப்படாத நுனி ஆகியவற்றைக் கவனிக்கவேண்டும். மூல நிறுவனத்தின் பெயரையே தாங்கிய போலிகளும் விற்கப்படுவதுண்டு. வழக்கத்துக்கு மாறாகக் குறைந்த விலை, மங்கலான அச்சு, தயாரிப்பு விவரம் இல்லாத உறை ஆகியன போலியின் அடையாளங்கள்.

மதுரைப் பகுதியில்

மதுரையின் மேற்குப் பகுதியில் தேனி சாலையும் புறவழிச்சாலையும் சந்திக்கும் காளவாசலின் பெயர், செங்கல் அல்லது சுண்ணாம்பு சுடும் சூளையைக் குறிக்கும் சொல்லாகும். செங்கற்பொடி, அடுப்புக்கரி, சாம்பல், உப்பு ஆகியவற்றால் பல் துலக்குவது ஊர்ப்புறங்களில் வழக்கில் இருந்தது. இத்தகைய சொரசொரப்பான பொடிகள் எனாமல் எனப்படும் பல்லின் மேற்பூச்சைத் தேய்க்கும். மின் பல்துலக்கியில் தேய்ப்பின் விரைவு பன்மடங்காவதால் தீங்கும் கூடும். துகள்கள் கழுத்தினுள் புகுந்து தண்டையும் அரிக்கும். மின் பல்துலக்கித் தலைக்குப் பற்பசையே ஏற்றது.

மதுரையிலும் சுற்றியுள்ள சமவெளியிலும் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பயன்படுகிறது. உப்புத்தண்ணீர் எனப்படும் இக்கடின நீர் காயும்போது வெண்ணிறப் படிவை விட்டுச்செல்லும். தலையின் கழுத்திலும் தண்டைச் சுற்றியும் படியும் இது, தலை முழுமையாக அமர்வதைத் தடுக்கும். துலக்கியபின் தலையைக் கழற்றி, இரண்டையும் கழுவி, தண்டைத் துணியால் துடைத்து வைத்தால் படிவு சேராது. தலையை நிமிர்த்திக் காற்றாட உலரவிடவேண்டும். ஈரத்தோடு மூடிக்குள் அடைக்கக்கூடாது.

வெளிநாட்டில் வாழும் உறவினர் வாங்கிவரும் கருவிகளுக்குத் தலை இந்தியாவில் கிடைக்குமா என்பது அடிக்கடி எழும் ஐயம். தலையில் மின்னழுத்த வேறுபாடு எதுவும் இல்லை. வரிசை ஒன்றாயின் இங்கு வாங்கும் தலையே பொருந்தும். கவனிக்கவேண்டியது மின்னேற்றியையே. 100 முதல் 120 வோல்ட் வரை எனக் குறிக்கப்பட்ட அமெரிக்க மின்னேற்றியை இந்தியாவின் 230 வோல்ட் இணைப்பில் நேரடியாகச் செருகினால் அது பழுதாகும். 100 முதல் 240 வோல்ட் வரை எனக் குறிக்கப்பட்டிருந்தால் தடையில்லை.

கழிவு

தலையில் நெகிழி, நைலான், உலோகம் ஆகியன பிரிக்க இயலாதவாறு இணைந்திருப்பதால் மறுசுழற்சி கடினம். பழைய தலையைக் கழுவி, சமையலறைக் குழாய் இடுக்கு, சீப்பு, தையல் இயந்திரம் ஆகியவற்றைத் தூய்மை செய்யப் பயன்படுத்தலாம். கைப்பிடியில் மின்கலம் இருப்பதால் அதைக் குப்பைத் தொட்டியில் இடக்கூடாது. மின்கலக் கழிவுக்கென இந்தியாவில் 2022 ஆம் ஆண்டில் தனி விதிகள் வகுக்கப்பட்டன.

இவற்றையும் பார்க்க

• பல்துலக்கி
• பற்பசை
• பற்படலம்
• ஈறு அழற்சி
• வேம்பு
• நைலான்
• ஒத்திசைவு