கங்கைகொண்ட சோழபுரம்

கொள்ளிடத்தின் வடபாலுள்ள கங்கைகொண்ட சோழபுரம் முதலாம் இராசேந்திர சோழன் (1014 - 1044) அமைத்த தலைநகராகும். வடபுல வெற்றியின் அடையாளமாகக் கங்கைநீர் கொணரப் பெற்றபின், அவன் தஞ்சையினின்றும் அரசிருக்கையை ஈண்டு மாற்றினான். 1279 வரை ஏறக்குறைய 250 ஆண்டு சோழர் கொற்றம் இங்கு நிலவிற்று.

பிறவேந்தர் வெற்றித்தூணைக் கல்லால் நாட்டுவர். இராசேந்திரனோ சோழகங்கம் என்னும் பேரேரியாகிய நீர்த்தூணை நாட்டினான் என்பது திருவாலங்காட்டுச் செப்பேட்டாற் பெறப்படும். இக்காலத்துப் பொன்னேரி எனப்படுவது அதுவே. நகர்க்கு வேளாண்மையேயன்றிக் கடல்வாணிகத் தொடர்பும் இருந்தமைக்கு, மாளிகைமேட்டு அகழ்வில் வெளிப்பட்ட சீனப் பீங்கானோடுகள் சான்றாம்.

நகரின் உயிர்நிலை கங்கைகொண்ட சோழேச்சரமே. கருவூர்த்தேவர் இதற்கு அருளிய திருவிசைப்பா ஒன்பதாந் திருமுறையுள் உளது. திருக்கோயிலின் வடபுற வாயிலருகே, உமையம்மையாரோடு வீற்றிருக்கும் இறைவன் சண்டேசுர நாயனார் முடியிற் கொன்றைமாலை சூட்டும் திருவுருவம் விளங்கும். மண்ணாளும் முடியினும் மெய்யடிமைக்கு அருளப்பெறும் மாலையே உயர்ந்ததென்பது இதனால் உணரத்தக்கது.

அரசமாளிகை இன்று மண்மேடு. 1836-இல் கொள்ளிடத்தில் அணை கட்டியபோது திருமதிற் கற்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. எனினும் விமானம் நின்றது. 2004-இல் உலக மரபுச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. ஐப்பசி முழுமதியில் அன்னாபிடேகம் இன்றும் நிகழ்கின்றது. கோநகர் ஒழிந்தும் கோயில் ஒழிந்திலது. எஞ்சிய கல்லொன்றும் குறையாது காத்தல் சைவர் கடனாம்.