சலாபக் கரையின் தண்ணீர்

தூத்துக்குடிக்கு எதிரே தோலாயிரம் என்னும் சிப்பிப் பாரிலோ, கடலுக்கு அப்பால் இலங்கையின் மரிச்சுக்கட்டியிலோ சலாபம் என்னும் முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டபோதெல்லாம், ஆளில்லாத மணல்மேடு மாசி பங்குனி வெயிலில் சில வாரங்களுக்கு ஊராகிவிட்டது. 1905-ல் மரிச்சுக்கட்டியில் மட்டும் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றைக் குளித்து எடுத்தவர்கள், ஏலம் கேட்டவர்கள், சோறு விற்றவர்கள், காவல் நின்றவர்கள் என்று பல்லாயிரம் பேர் ஓலைக் கொட்டகைகளில் கிடந்தார்கள். சிப்பி அழுகி முத்து உதிரும்வரை கொட்டு என்னும் அடைப்புகளில் நாறிக்கொண்டிருந்தது. ஈக்களுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. இந்த வரலாற்றை எழுதியவர்கள் முத்தின் விலையையும் அரசுக்குப் போன பங்கையும் அணா பைசா கணக்கில் விட்டுச் சென்றிருக்கிறார்கள். அந்தக் கூட்டம் எதைக் குடித்தது என்ற கேள்விக்கு அவர்கள் அவ்வளவு இடம் தரவில்லை. அறியாமை விலகி அறிவியல் வந்தது என்று அந்தக் கேள்விக்குச் சொல்லும் வழக்கமான பதில் இந்தக் கரைக்குப் பொருந்தாது என்பதே என் கட்சி. தண்ணீரைத் தெளியவைக்கும் பழைய வேலையும் கிருமியைக் கொல்லும் புதிய வேலையும் ஒரே காரியத்தின் இரு பாதிகள். ஒரு பாதியை முழுதென்று நம்பிய இடத்தில்தான் வாந்திபேதி என்னும் காலரா நுழைந்தது.

இந்தக் கடலோரத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பதே ஒரு விந்தை. பெய்த மழை மணலில் இறங்கி, கனமான உப்பு நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. ஆழமாகத் தோண்டினால் உவர்ப்பு, அளவாகத் தோண்டினால் ஊற்று. திருச்செந்தூர் நாழிக்கிணறு அலைக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் தருவதால் தலமாகிவிட்டது. அதனால் இங்கே தண்ணீரின் தரத்தைத் தீர்மானித்தது நாக்கு. உப்புக் கரிக்காவிட்டால் அது நல்ல தண்ணீர். நாற்பது குடும்பம் உள்ள ஊருக்கு இந்த அளவுகோல் பெரும்பாலும் போதும், ஏனென்றால் மணலே வடிகட்டி. பல்லாயிரம் பேர் அதே மணலில் கால் கழுவி, அதன் நடுவே ஆழமற்ற குழிகள் தோண்டிக் குடித்தால் வடிகட்டி என்ன செய்யும்? 1818-19-ல் வங்கத்திலிருந்து தெற்கே இறங்கிய வாந்திபேதி திருநெல்வேலிச் சீமையைக் கடந்து இலங்கைவரை போனது. ராபர்ட் கோக் 1884-ல் கல்கத்தாவின் ஒரு குளத்து நீரில் அதன் கிருமியைக் கண்டார். லேசான உவர்ப்பு அந்தக் கிருமிக்குப் பிடித்த இடம் என்பது பின்னால்தான் தெளிவாயிற்று. அப்படியென்றால் இந்தக் கரையின் நீர் அதற்கு அந்நியமே இல்லை. கண்ணுக்குத் தெளிந்தும் நாக்குக்கு இனித்தும் உள்ள தண்ணீர் ஆளைக் கொல்ல முடியும்.

தண்ணீரைத் தெளியவைக்கும் தேற்றான் கொட்டையை இங்கே இரண்டு விதமாக அவமதிக்கிறார்கள். ஒரு சாரார் அதைப் பாட்டி வைத்தியம் என்று தள்ளுகிறார்கள். இன்னொரு சாரார் நம் முன்னோர் கிருமியியலையே அறிந்திருந்தார்கள் என்று மார்தட்டுகிறார்கள். அந்தக் கொட்டை செய்வது எளிமையான வேலை. பானையின் உள்புறம் அதை உரைத்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றினால், அதிலிருந்து வரும் பசைப்பொருள் மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் படியச் செய்கிறது. கலித்தொகை உவமையாகக் கையாளும் அளவுக்கு இது தமிழ் வீடுகளில் பழகிய காரியம். படிகாரம் அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். துகள்களோடு கிருமிகளில் பெரும்பகுதியும் கீழே போய்விடும் என்பது உண்மை. ஆனால் அவை சாவதில்லை. வண்டலில் உயிரோடு இருக்கின்றன, மேலே கொஞ்சம் மிஞ்சியும் இருக்கின்றன. வாந்திபேதிக் காலத்தில் அந்தக் கொஞ்சமே போதும்.

கொல்லும் மருந்து 1890-களில் வந்தது. ஆக்ராவிலிருந்த கிருமியியலாளர் எர்னஸ்ட் ஹான்கின் கிணறுகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடச் சொன்னார். நீர் இளஞ்சிவப்பாக நிற்கும்வரை கரைத்து ஊற்றி இரவு முழுக்க விட வேண்டும். அது இந்தியா முழுவதும் பரவியதில் நிறத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். மருந்து போட்டாயிற்றா என்று யாரும் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் சருகும் சேறும் கிடக்கும் கிணற்றில் பெர்மாங்கனேட் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். வாந்திபேதிக் கிருமி தவிர மற்றக் கிருமிகளிடம் அதன் கை அவ்வளவு ஓங்கவும் இல்லை. இன்று மருத்துவ நூல்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. 1903-ல் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த வின்சென்ட் நெஸ்ஃபீல்ட், படையெடுப்பில் இருக்கும் சிப்பாய்க்காகக் குளோரின் முறையை வெளியிட்டார். துணி வெளுக்கப் போடும் அதே பிளீச்சிங் பவுடர் குடிநீருக்கும் மருந்தானது. ஆயிரம் லிட்டருக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம், ஒரு மணி நேரக் காத்திருப்பு என்பது பொதுச் சுகாதாரப் பாடத்தில் வரும் அளவு. இங்கே ‘நல்ல’ என்ற சொல்லைத் தாண்டிப் போகக் கூடாது. காற்றும் ஈரமும் வெயிலும் பட்டால் அந்தப் பவுடர் வீரியம் இழக்கிறது. உப்புக் காற்று வீசும் துறைமுகத்தில் திறந்த மூட்டை எத்தனை நாள் தாங்கும்? கலங்கல் நீரில் போட்டால் குளோரினை அழுக்கே குடித்துத் தீர்த்துவிடும். எனவே முதலில் தெளியவை, பிறகு மருந்து போடு. பாட்டியின் பாதி இல்லாமல் நெஸ்ஃபீல்டின் பாதி வேலை செய்யாது. பின்னாளில் நாக்பூரின் நீரி நிறுவனம் கிணற்றுக்காக இரட்டைப் பானை முறையை வகுத்தபோது, ஒரு கிலோ பிளீச்சிங் பவுடரோடு இரண்டு கிலோ பருமணலைக் கலந்து, துளையிட்ட பானைகளில் கட்டி இறக்கச் சொன்னது. மருந்து ஒரேயடியாகத் தீராமல் இரண்டு மூன்று வாரம் மெல்லக் கசியும்.

கொதிக்கவைத்தால் இந்த வம்பே இல்லையே என்று கேட்கலாம். ஒரு வீட்டுக்கு அது சரியான பதில்தான். முள்ளும் பனையோலையும் விறகாகும் மணற்கரையில், சோறு பொங்கவே விறகு விலைக்கு வாங்கும் முகாமுக்கு அது பதிலாகாது. இரண்டாவது ஆட்சேபம் கனமானது: மருந்து என்பது குழாய் போடாமல் தப்பிக்க அரசு கண்ட மலிவு வழி. இதில் நியாயம் இருக்கிறது. முத்து வருமானம் உள்ள மாதங்களிலும், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைத் தட்டப்பாறை முகாமில் நிறுத்திவைத்த நாட்களிலும் இருந்த அக்கறை, மீனவர் ஊர்களுக்கு மற்ற காலத்தில் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. தூத்துக்குடிக்கே குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவராக இருந்து போராடிய பிறகு, 1927-ல்தான் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் வந்தது. ஆனால் குழாய் வந்ததும் மருந்து போய்விடவில்லை. ஆற்று நீரும் தெளியவைக்கப்பட்டு, குளோரின் கலக்கப்பட்டுத்தான் ஊருக்குள் வர வேண்டும். பானையில் நடந்த வேலை நீரேற்று நிலையத்துக்கு இடம் மாறியது, அவ்வளவே.

சலாபம் 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் நடக்கவில்லை. அதற்குச் சற்று முன்பே ஆறுமுகநேரிக்கு அருகில் சாகுபுரத்தில் ஆலை வந்து, இந்தக் கரையின் உப்பிலிருந்தே காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கத் தொடங்கிவிட்டது. உப்பு கெடுத்த தண்ணீரைக் காக்கும் பொருள் அதே உப்புக்குள்தான் இருந்திருக்கிறது. ஆனாலும் உப்பை எடுக்கும் வேலை மட்டும் இதில் எந்த மருந்துக்கும் வராது. 2004 டிசம்பரில் சுனாமி தமிழகக் கரையோரக் கிணறுகளுக்குள் கடல்நீரைத் தள்ளியபோது, பிளீச்சிங் பவுடர் கிருமிக்குக் காவல் நின்றது. உவர்ப்பு அப்படியே கிடந்தது. அந்தக் கிணறுகளை இறைத்து இறைத்து, அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.