அன்புயிர்க்கு ஆற்றும் இறுதிக்கடன்

இறந்தோர்க்குச் செய்ய வேண்டிய கடன்களைப் பற்றி உலகத்து இனத்தார் பலரும் விரிவாக எழுதிவைத்துள்ளனர். நம்மோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, நம் கையால் உண்டு, நம் வீட்டைக் காத்து மடியும் நாய்க்கும் பூனைக்கும் ஆற்றும் கடனைப் பற்றி எழுதியோர் சிலரே. இஃது எழுதத் தகாத சிறு பொருள் என்று கருதுவோரும் உளர். வரலாற்றை ஊன்றிப் பார்ப்போர்க்கு அவ்வாறு தோன்றாது. மன்னரும் கவிஞரும் எளிய குடிமக்களும் தாம் வளர்த்த உயிர்க்கு இறுதி இடம் எதுவென்று எண்ணிப் பார்த்திருக்கின்றனர். அவ்வெண்ணம் சிலர்க்கு ஈடேறியது, சிலர்க்கு ஈடேறவில்லை. ஈடேறியதற்கும் ஈடேறாததற்கும் உரிய காரணங்களை ஆராய்ந்தால், நாம் இன்று செய்யத்தக்கது யாதென்பது தெளிவாகும்.

தொன்மைச் சான்றுகள்

செருமனி நாட்டின் பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில், 1914ஆம் ஆண்டு கல் உடைக்கும் தொழிலாளர் ஒரு பழங்குழியைக் கண்டனர். அதனுள் ஓர் ஆடவன், ஒரு பெண் ஆகியோரின் எலும்புகளோடு ஒரு நாயின் எலும்புகளும் இருந்தன. அக்குழி ஏறத்தாழ 14,000 ஆண்டுகள் பழமையானது. 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, அந்நாய் இறக்கும்போது அதற்கு ஏழு திங்கள் அகவையே நிரம்பியிருந்ததென்றும், கொடிய தொற்றுநோயால் அது பல கிழமைகள் வருந்தியிருந்ததென்றும் பற்களின் அடையாளங்களைக் கொண்டு காட்டியது. நோயுற்ற குட்டியால் வேட்டைக்கும் பயனில்லை, காவலுக்கும் பயனில்லை. எனினும் அதனைப் பேணியிருக்கின்றனர். மாந்தரோடு சேர்த்து அடக்கமும் செய்திருக்கின்றனர். மனிதன் பயிர்த்தொழில் கற்பதற்கு முன்பே இவ்வன்பைக் கற்றுவிட்டான் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

எகிப்தியர் இக்கடனை ஒரு முறையாகவே வகுத்துக்கொண்டனர். கீசா இடுகாட்டில் 1935ஆம் ஆண்டு கிடைத்த கல்வெட்டொன்று, மன்னனைக் காத்த அபூத்தியூ என்னும் நாய்க்கு மன்னன் சவப்பெட்டியும் மெல்லிய துணியும் நறும்புகைப் பொருளும் அளித்து, கல்லறையும் எழுப்பச் செய்தான் என்று கூறுகிறது. அது 4,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட செய்தி. மூன்றாம் அமென்கோத்தெப்பின் மகன் தட்மோசு என்னும் இளவரசன் தன் பூனைக்குச் சுண்ணாம்புக் கல்லில் பேழை செய்வித்தான். வீட்டுப் பூனை இறந்தால் குடும்பத்தார் புருவத்தை மழிப்பர் என்றும், நாய் இறந்தால் தலையும் உடலும் முழுவதும் மழிப்பர் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு எழுதியுள்ளார்.

இச்சடங்குகள் அரண்மனைக்கும் கோயிலுக்கும் மட்டும் உரியவை அல்ல என்பதற்குச் செங்கடற் கரையிலுள்ள பெரெனிகே துறைமுகம் சான்றாகும். கி.பி. முதலிரு நூற்றாண்டுகளைச் சேர்ந்த விலங்கு இடுகாடு ஒன்று அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வின்படி அதில் 585 விலங்குகள் அடக்கம் செய்யப்பட்டிருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை பூனைகள். சிலவற்றின் கழுத்தில் இரும்புப் பட்டையும் மணிமாலையும் இருந்தன. பற்களை இழந்த கிழ நாய்களும் அங்குக் கிடந்தன. மெல்ல இயலாத உயிர்க்கு யாரோ மென்மையான உணவூட்டியிருந்தாலன்றி அவை அத்துணைக் காலம் வாழ்ந்திரா. இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்ற குரங்குகளும் அவ்விடுகாட்டில் உள்ளன. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடும், சாடி நிறைந்த கருமிளகும் கிடைத்த துறைமுகமும் இதுவே. நம் முன்னோர் வணிகம் செய்த ஊரில், வாணிகரும் மாலுமிகளும் தம் பூனைக்கும் நாய்க்கும் குழி தோண்டி மணி அணிவித்து மண்ணில் இட்டனர் என்பதை எண்ணும்போது, இப்பொருள் நமக்கு அயலானது அன்று என உணர்கிறோம்.

தமிழகத்து நடுகல்

தமிழகத்திலும் இதற்கு உயர்ந்த சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் உள்ளது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது அது. ஆநிரை கவரும் பூசலில் கருந்தேவக்கத்தி என்னும் வீரன் பட்டான். அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்து, தலைவனைக் காத்து நின்றது. அக்கல்லில் வீரனுடைய உருவத்தோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. வீரனுடைய பெயரைப் பொறித்தவர்கள் நாயின் பெயரையும் விடாது பொறித்தனர். அதன் பெயர் கோவிவன். அக்காலத்து ஊர்த்தலைவர் எத்தனையோ பேரின் பெயர்கள் மறைந்துபோயின. 1,300 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு நாயின் பெயர் கல்லில் நிற்கிறது.

கன்னட நாட்டிலும் இத்தகைய கல் உண்டு. தக்கோலப் போருக்குப் பின், ஆற்றல் மிக்க வீரன் ஒருவன் தன் தலைவனாகிய கங்க மன்னன் பூதுகனிடம் பரிசிலாக ஒரு வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். காளி என்னும் அந்நாய் காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியும் தானும் ஒருங்கே மாண்டது. அதற்காக ஆதகூரில் கோயிலின் முன் கல் நட்டு, நிலமும் விட்டனர். இது கி.பி. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்தது. கல் நட்டதோடு நில்லாது நிலமும் விட்டது கருதத்தக்கது. கல்லைப் பேணுவதற்கு வருவாய் வேண்டும் என்று முன்னரே எண்ணிச் செய்த ஏற்பாடு அது.

முன்னேற்பாடு செய்த இருவர்

விலங்கின்பால் அன்புடையோர் தம் இறுதியையும் அதன் இறுதியையும் ஒன்றாகக் கருதி முன்கூட்டியே திட்டமிட்டதற்கு ஐரோப்பிய வரலாற்றில் இரு சான்றுகளைக் காட்டலாம்.

முதலாமவர் ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு. அவருடைய நாய் போட்சுவைன் 1808ஆம் ஆண்டு வெறிநோயால் இறந்தது. நியூஸ்டெட் மாளிகைத் தோட்டத்தில் அதற்குப் பெரியதொரு நினைவுச் சின்னம் எழுப்பினார். 1811இல் எழுதிய உயிலில், தம்மையும் அந்நாயின் அருகிலேயே அடக்கம் செய்ய வேண்டும் எனக் குறித்தார். ஆனால் கடன் சுமையால் 1817இல் அம்மாளிகையை விற்க நேர்ந்தது. 1824இல் கிரேக்க நாட்டில் இறந்த அவரது உடல் அக்னால் ஊர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. நாயின் சின்னம் பிறருடைய நிலத்தில் தனித்து நின்றது.

இரண்டாமவர் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக். போட்ஸ்டாம் நகரில் சான்சூசி அரண்மனையைக் கட்டும் முன்பே, 1744இல், அதன் மேல்தளத்தில் தமக்குரிய நிலவறைக் கல்லறையை அமைத்துவிட்டார். தாம் வளர்த்த வேட்டைநாய்களை அதன் அருகில் அடக்கம் செய்துவந்தார். ஆரவாரமின்றித் தம்மையும் அங்கேயே இட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். 1786ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 17ஆம் நாள் அவர் இறந்தபோது, அடுத்து வந்த மன்னர் அவ்விருப்பத்தைப் பொருட்படுத்தாமல், படைமுகாம் தேவாலயத்தில் அவர் தந்தையின் அருகில் அடக்கம் செய்வித்தார். இரண்டாம் உலகப் போரின்போது பேழை ஊர் ஊராக மாறியது. செருமனி மீண்டும் ஒன்றான பின்னரே, 1991ஆம் ஆண்டு அதே ஆகத்துத் திங்கள் 17ஆம் நாள், 205 ஆண்டுகள் கழித்து, அவர் தம் நாய்களின் அருகில் இடம்பெற்றார்.

இவ்விருவரும் அன்பிற் குறைந்தவர் அல்லர். அறிவிற் குறைந்தவரும் அல்லர். ஒருவர் எண்ணத்தை நிலம் கைமாறியது தடுத்தது. மற்றவர் எண்ணத்தை, நிறைவேற்ற வேண்டியவர் மனம் ஒப்பாமை தடுத்தது. திட்டம் எவ்வளவு நன்றாயினும், இடம் நிலையானதா என்பதையும், செய்து முடிப்பவர் யார் என்பதையும் உறுதிசெய்யாவிடில் அது தாளில் மட்டுமே நிற்கும்.

நகரமும் நிலமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரங்கள் பெருகியபோது இக்கடன் புதியதோர் இடர்ப்பாட்டைச் சந்தித்தது. வளர்க்க வீடு இருந்தது; புதைக்க நிலம் இல்லை. பாரிசு நகரில் இறந்த நாய்களைச் சேன் ஆற்றில் எறிவதும் குப்பையில் இடுவதும் வழக்கமாயிருந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுத்து, குடியிருப்புக்கு 100 மீட்டருக்கு அப்பால், ஒரு மீட்டர் மண்ணுக்குக் கீழே புதைக்க வேண்டும் என்றது. அதன் விளைவாக 1899இல் அனியர் என்னுமிடத்தில் விலங்குகளுக்கென இடுகாடு திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1881இல், இலண்டன் ஐடு பூங்காவில் செர்ரி என்னும் சிறு நாய் ஒன்றன் அடக்கத்தோடு ஓர் இடுகாடு தொடங்கியது. சில ஆண்டுகளில் இடம் நிறைந்து, 1903இல் அது மூடப்பட்டது. நியூயார்க்கை அடுத்த ஆர்ட்சுடேல் என்னுமிடத்தில் 1896இல் கால்நடை மருத்துவர் ஒருவர், துயருற்று வந்தவர்க்கு இரங்கித் தம் ஆப்பிள் தோட்டத்தில் ஒரு நாயைப் புதைக்க இடந்தந்தார். அத்தோட்டமே பின்னர்ப் பெரிய இடுகாடாயிற்று.

மண்ணிலிருந்து நெருப்புக்கு

நிலம் சுருங்கியபோது நெருப்பு வழி காட்டியது. இங்கே வியப்பூட்டும் செய்தி ஒன்றுண்டு. இங்கிலாந்தில் மனிதருக்கென அமைந்த முதல் தகனச்சாலை வோக்கிங் என்னும் ஊரிலுள்ளது. 1879ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் அதன் உலையைச் சோதித்தபோது முதன்முதலில் எரியூட்டப்பட்டது ஒரு குதிரையின் உடலாகும். மனித உடல் அங்கே முதலில் எரிந்தது 1885இல்தான். மனிதர் செல்லவிருந்த பாதையில் ஒரு விலங்கு முன்னே சென்றது.

நம் வட்டாரத்திலும் இம்மாற்றம் கண்கூடு. மலேசியத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழர்க்கு நாய் இறந்தால் வீட்டின் பின்புறமோ மரத்தடியோ போதுமானதாயிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த பின் அம்மண் இல்லாமற் போயிற்று. சிங்கப்பூரிலோ 1998ஆம் ஆண்டு முதல் மனிதரின் புதைகுழிக்கே 15 ஆண்டுகள் எனத் தவணை உண்டு. மாந்தர்க்கே நிலையான நிலம் இல்லாத நகரில் வளர்ப்புயிர்க்கு நிலம் தேடுவது அரிது. ஆகவே இரு நாடுகளிலும் செல்லப்பிராணிகளுக்கெனத் தனியார் தகனச்சாலைகள் நடைபெறுகின்றன. எரியூட்டிய பின் எஞ்சுவது பெரும்பாலும் எலும்பின் சுண்ணப் பொருள்களே. ஒரு சிறு கலயத்தில் அடங்கும் அச்சாம்பலை வீடு மாறினும் உடன் கொண்டு செல்லலாம். பைரனுக்கு நேர்ந்த இடர் இதனால் நீங்குகிறது. அமெரிக்காவின் நியூயார்க்கு மாநிலத்தில் 2016ஆம் ஆண்டுச் சட்டம், வளர்ப்புயிரின் சாம்பலை உரிமையாளரின் கல்லறையிலேயே வைக்கவும் வழி செய்தது. பிரெடரிக் மன்னர் 205 ஆண்டுகள் காத்திருந்து பெற்ற உரிமையை அங்கே எளிய குடிமகனும் பெறுகிறான்.

முன்கூட்டி உறுதிசெய்யத்தக்கவை

உயிர் போகுமுன் தகனத்தைப் பற்றிப் பேசுவது அமங்கலம் என்று நம்மவர் அஞ்சுவர். நாயின் வாழ்நாள் பெரும்பாலும் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளே. அதனை வீட்டிற்குக் கொண்டுவரும் நாளிலேயே, நமக்கு முன் அது போகும் என்பது தெரிந்த உண்மை. வெப்பம் மிகுந்த நம் நாட்டில் உடல் சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். நள்ளிரவில் இறந்தால், அழுதுகொண்டிருக்கும் வீட்டார் எவ்விடம் செல்வதென்று அறியாது தவிப்பர். அத்தவிப்பின் இறுதியில் குப்பைத் தொட்டியை நாடுவோரும் உண்டு. அன்பில்லாமையால் அவர்கள் அவ்வாறு செய்வதில்லை, ஏற்பாடில்லாமையே காரணம்.

ஆதலால் நான்கு வினாக்களுக்கு முன்னரே விடை காண்பது நலம். முதலாவது, எந்தத் தகனச்சாலை, எந்நேரத்தில் திறந்திருக்கும் என்பது. விலங்கின் எடையைப் பொறுத்தே கட்டணம் அமைவது பொதுவழக்காதலின், அதனையும் கேட்டு வைத்தல் வேண்டும். இரண்டாவது, தனித்து எரியூட்டுவதா, பிற உடல்களோடு சேர்த்து எரியூட்டுவதா என்பது. சேர்த்து எரித்தால் சாம்பலைப் பிரித்துப் பெற இயலாது. சாம்பல் வேண்டுமென்போர் தனித் தகனத்தை எழுத்து மூலம் உறுதிசெய்தல் வேண்டும். மூன்றாவது, சாம்பலை என்செய்வது என்பது: வீட்டில் வைப்பதா, முறைப்படி கரைப்பதா, மரத்தடியில் இடுவதா? நான்காவது, இவற்றைச் செய்து முடிப்பவர் யார் என்பது. தனியே வாழும் முதியோர்க்கு இஃது இன்றியமையாதது. அவர்களுக்கு முன் நாய் இறந்தாலும் நாய்க்கு முன் அவர்கள் இறந்தாலும், பொறுப்பேற்கும் ஒருவரின் பெயர் தாளில் இருத்தல் வேண்டும்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

பிள்ளைகள் வாழ்வில் சந்திக்கும் முதல் சாவு பலர்க்கும் வளர்ப்புயிரின் சாவே ஆகும். பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் நாய் ஓடிப்போயிற்று என்றோ தூங்குகிறது என்றோ பொய் கூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. அப்பொய் நெடுநாள் நில்லாது. உண்மை வெளிப்படும்போது பிள்ளை நாயை இழப்பதோடு பெரியோரிடம் வைத்த நம்பிக்கையையும் இழக்கிறது. முன்னேற்பாடு உள்ள வீட்டிலோ, பிள்ளைக்கும் ஒரு பணி இருக்கும். துணியை எடுத்துத் தருவதும், ஒரு பூவை வைப்பதும், கலயத்தின்மேல் பெயரை எழுதுவதும் அதன் கையால் நடைபெறலாம். பெயரை எழுதும் அச்சிறு கை செய்வது, எடுத்தனூரில் சிற்றுளி பிடித்த கல்தச்சன் செய்த அதே பணியாகும்.

வகுப்பறையில் நடுகல்லைப் பற்றிக் கற்பிக்கும்போது, ஆநிரையையும் வீரனையும் கூறுவதோடு கோவிவனையும் கூறுதல் வேண்டும். நன்றி மறவாமை என்னும் பண்பை மாணவர்க்கு உணர்த்த அதனினும் சிறந்த பாடம் அரிது. நம்மை நம்பி வாழ்ந்த உயிர்க்குத் தன் இறுதியைத் தானே ஏற்பாடு செய்துகொள்ள வாயுமில்லை, கையுமில்லை. அதற்காக எண்ண வேண்டியவர் நாமே. அவ்வாறு முன்கூட்டி எண்ணி வைப்பதும் அதற்கு நாள்தோறும் சோறிடுவதைப் போன்றதொரு கடமையாகும்.