மல்லாட்டை பிழையான சொல்லா?

இன்று ஒரு பழைய பிழையைப் பற்றி எழுதுகிறேன். என் மாணவனின் பிழை அல்ல, என் பிழை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தினேன். 'எங்கள் ஊர்' கட்டுரையில் ஒரு பையன், "அம்மா மல்லாட்டை ஆயப் போவார்" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டு 'வேர்க்கடலை' என்று திருத்தி, வகுப்பில் படித்தும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் எந்தக் கட்டுரையிலும் தன் வீட்டைப் பற்றி எழுதவில்லை.

அந்தச் சொல்லின் கதை பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இந்தச் செடியின் தாயகம் தென் அமெரிக்கா. பெரு நாட்டில் சிப்பான் என்ற இடத்தில் 1987இல் சுமார் 1,700 ஆண்டு பழைய ஓர் அரசனின் கல்லறையைத் தோண்டினார்கள். அவன் கழுத்தணியில் தங்கத்திலும் வெள்ளியிலும் செய்த கடலைக்காய்கள் கோத்திருந்தன. அவ்வளவு மதிப்பு!

பிறகு ஸ்பானியர் வந்தார்கள். 1565 முதல் 1815 வரை அவர்களுடைய கப்பல்கள் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே ஓடின. அந்த வழியில் கடலையும் ஆசியாவுக்கு வந்தது. மணிலாவின் பெயரோடு நம் ஊருக்கு வந்ததால் அது மணிலாக்கொட்டை. மக்கள் வாயில் மல்லாக்கொட்டை ஆகி, மல்லாட்டை ஆனது. ஒரு கடல்வழியையே அந்தப் பையனின் அம்மா தன் பேச்சில் வைத்திருந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகருக்கு ஏற்றுமதியானது. அங்கே எண்ணெய்க்கும் சோப்புக்கும் அது தேவைப்பட்டது. மழையை நம்பிய நம் செம்மண் கொல்லைகளில் காசு பார்த்த பயிர் அது.

சரி, நான் எழுதிய 'வேர்க்கடலை'யாவது சரியா? அதுவும் இல்லை! கடலை வேரில் காய்ப்பதே கிடையாது. மஞ்சள் பூ மண்ணுக்கு மேலேதான் பூக்கும். கருவுற்றபின் பூவின் அடியிலிருந்து ஒரு விழுது கீழே இறங்கி மண்ணைத் துளைக்கும். அதன் நுனிதான் காயாகும். அதனால்தான் விழுது இறங்கியபின் கொல்லையில் மண்ணைக் கிளறக் கூடாது என்பார்கள். 45ஆம் நாள் வாக்கில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பதும் இதற்காகத்தான்: காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை மண்ணிலிருந்து நேராகவே எடுத்துக்கொள்ளும். வேரில் இருப்பவை முடிச்சுகள். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன.

ஆக, வரலாற்றின்படி சரியாக இருந்த சொல்லை அடித்துவிட்டு, தாவரவியலின்படி தவறான சொல்லை எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'வேர்க்கடலை' என்று சொல்வதில் குற்றமில்லை. அதுவும் மக்கள் வைத்த பெயர்தான். ஒரு பிள்ளையின் வீட்டுச் சொல்லை வகுப்பில் சிரிக்க வைத்ததுதான் குற்றம்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் நோட்டில் ஊர்ச் சொல் வந்தால், அடிக்கும் முன் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பொதுச்சொல்லைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், போதும்.

உங்கள் பக்கம் இதற்கு என்ன பெயர்? கீழே எழுதுங்கள். இனி திருத்த மாட்டேன்.