வெட்டுக்கிளி தொடாத இலை

1959இல் சூடானில் பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று இறங்கியது. அது போன வழியில் பச்சை என்று எதுவும் மிஞ்சவில்லை, வேப்பமரத்தைத் தவிர. பூச்சிகள் வேம்பிலும் உட்காரத்தான் செய்தன; ஆனால் இலையைத் தின்னாமலே கிளம்பிவிட்டன. இதைக் கண்ணால் பார்த்தவர் ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர். பின்னாளில் கீசென் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த ஒரு மரத்துக்கே செலவிட்டார். வேம்புக்கென்றே 1980இல் ஜெர்மனியில் முதல் சர்வதேச மாநாடு கூடியதும் அவருடைய முயற்சியால்தான்.

சூடானுக்கு வேம்பு வந்தேறி மரம். அதன் பிறந்த வீட்டில் இந்தச் செய்தி யாரையும் ஆச்சரியப்படுத்தியிருக்காது. குதிரில் நெல்லையோ கம்பையோ கொட்டும்போது காய்ந்த வேப்பிலையையும் சேர்த்துப் போடுவது, விதைப் பயறுக்கு வேப்பெண்ணெய் தடவி வைப்பது, தென்னைக்கு வேப்பம்புண்ணாக்கு வைப்பது எல்லாம் நம் சம்சாரிகளுக்குப் பழகிய வேலை. பிறகு ஏன் ஆராய்ச்சிக்கூடங்கள் இத்தனை காலம் வேம்பைப் பூச்சிமருந்தாக மதிக்கவில்லை?

காரணம் எளிது. வேம்பு பூச்சியை உடனே கொல்வதில்லை. 1939இல் சுவிஸ் வேதியியலாளர் பவுல் முல்லர் டிடிடியின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார்; 1948இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். அதன்பின் பூச்சிமருந்துக்கு ஒரே ஓர் அளவுகோல்தான்: காலையில் அடித்தால் மாலைக்குள் செத்துக் கிடக்க வேண்டும். பிணத்தை எண்ணும் அந்தப் பரீட்சையில் வேம்பு தோற்கத்தான் செய்யும். 1942இல் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற வேதியியலாளர் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்திருந்தார். அவர் தேடியது மனிதருக்கான மருந்து. பூச்சியின் பக்கம் பார்வை திரும்பவில்லை.

திருப்பியது வெட்டுக்கிளிதான். 1962இல் அது டெல்லிப் பக்கம் படையெடுத்தபோது, இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சியியலாளர் எஸ். பிரதானும் அவருடைய சகாக்களும் வேப்பம்பருப்பை அரைத்துத் தண்ணீரில் கரைத்துப் பயிர்மேல் தெளித்தார்கள். பூச்சிகள் வந்து உட்கார்ந்தன, கடிக்கவில்லை. ஷ்முட்டரர் தற்செயலாகப் பார்த்ததை இவர்கள் வயலில் சோதனையாகவே செய்து காட்டினார்கள். வேம்பின் கதையை எழுதும் பலர் சூடானோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டெல்லிக்கும் அதே அளவு இடம் கொடுப்பதுதான் நியாயம்.

தின்னவிடாமல் தடுப்பது எது என்ற கேள்விக்கு 1968இல் விடை கிடைத்தது. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த்தும் மார்கனும் வேப்பங்கொட்டையின் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெட்டுக்கிளிக்குத் தின்னக் கொடுத்துப் பார்த்தார்கள். எந்தப் பகுதியைக் கண்டு அது வாயை மூடிக்கொண்டதோ, அதைப் பிடித்துக்கொண்டு போய் அசாடிராக்டின் என்ற பொருளைத் தனியே எடுத்தார்கள். ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமுக்கும் வெகு குறைவாகக் கலந்தாலே பாலைவன வெட்டுக்கிளி பட்டினி கிடக்கச் சம்மதித்துவிடுகிறது.

கசப்பை மீறித் தின்கிற புழுக்களும் உண்டு. அவற்றை அசாடிராக்டின் வேறு விதமாகக் கவனிக்கிறது. புழு தோலுரித்து வளரத் தேவையான ஹார்மோனின் ஓட்டத்தை அது குலைத்துவிடும். பழைய தோல் கழலாது. புழு பாதியிலே சிக்கிக்கொள்ளும், அல்லது ஊனமாக வளரும். தெளித்த மறுநாள் வயலைப் பார்த்தால் புழு உயிரோடுதான் இருக்கும். "மருந்து பிடிக்கவில்லை" என்று அவசரக்காரர் கடைக்கு ஓடுவது அதனால்தான்.

35 கார்பன், 44 ஹைட்ரஜன், 16 ஆக்சிஜன் அணுக்கள் பின்னிக் கிடக்கும் இந்த மூலக்கூறு வேதியியலாளர்களையும் படாத பாடு படுத்தியது. சரியான அமைப்பு தெரியவே 1985 ஆயிற்று. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழு அதைச் செயற்கையாகச் செய்துமுடித்தது 2007இல். பிடித்த காலம் 22 ஆண்டுகள்.

வெயில் பட்டால் அசாடிராக்டின் சில நாளில் சிதைந்துவிடும். மண்ணுக்கு இது நல்லது. பாட்டிலில் அடைத்து விற்கிறவருக்குத் தலைவலி. வேம்பு வியாபாரத்தின் சூட்சுமம் முழுக்க இதில்தான் இருந்தது. அமெரிக்காவில் ராபர்ட் லார்சன் என்ற மர வியாபாரி உருவாக்கிய வேம்பு மருந்துக்கு 1985இல் அந்நாட்டு அரசின் பதிவு கிடைத்தது. பிறகு அதை வாங்கிய டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனம், கெடாமல் இருப்பு வைக்கும் முறைக்குக் காப்புரிமையும் எடுத்தது.

நம் ஊர்ப் பேச்சில் இது "வேப்பமரத்துக்கே அமெரிக்காக்காரன் பேடன்ட் வாங்கிட்டான்" என்று ஆயிற்று. மரத்துக்கு யாரும் வாங்கவில்லை. பெரிய வழக்கானது பூச்சி தொடர்பான காப்புரிமைகூட அல்ல. வேப்பெண்ணெயால் பயிரின் பூஞ்சைநோயைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, கிரேஸுக்கும் அமெரிக்க வேளாண் துறைக்கும் சேர்த்து ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் கொடுத்தது அது. இந்தியச் சூழலியல் செயல்பாட்டாளர் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் மாக்தா ஆல்வூட், சர்வதேச இயற்கை வேளாண் கூட்டமைப்பு ஆகியோர் 1995இல் எதிர்த்து மனுச் செய்தார்கள். இந்தியாவில் முன்பே புழக்கத்தில் இருந்த முறை புதுக் கண்டுபிடிப்பு ஆகாது என்பது அவர்கள் வாதம். 2000 மே மாதம் மியூனிக்கில் அந்தக் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது.

வேம்பு மருந்து விற்பவர் யாரானாலும், அவருக்குக் கொட்டை மரத்தடியிலிருந்துதான் வர வேண்டும். லேயின் குழு செய்துகாட்டிய வழி தொழிற்சாலைக்கு ஆகாத அளவு நீளம். ஆனி, ஆடியில் பழம் உதிரும் காலத்தில் வேப்பமுத்துப் பொறுக்குவது தென்மாவட்டங்களில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கைச்செலவுக்கான வருமானம். சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தினால்தான் சரக்குக்கு மதிப்பு. ஈரத்தோடு குவித்தால் பூசணம் பிடித்துவிடும்.

கடைமருந்து வேண்டாம் என்கிறவருக்கு வேளாண் துறை சொல்லும் வழி ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு. ஐந்து கிலோ பருப்பை இடித்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராகப் பெருக்கி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் அடிக்க வேண்டும். போன வருடத்துக் கொட்டை இதற்கு உதவாது.