பவழம் கட்டிய தீவும் மனிதன் கட்டிய மேடும்

புளியங்குடியில் நின்று மேற்கே நோக்கினால் மலை தெரியும். மலைக்கு அப்பால் கேரளம். கேரளக் கரையிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் கடல் கடந்தால் இலட்சத்தீவு. பெயரோ இலட்சம், இருப்பவை 36, மக்கள் வாழ்பவை பத்தே, நிலம் முழுவதும் சேர்ந்து 32 சதுர கிலோமீட்டர்! 1956 அக்டோபர் முடிய இவை சென்னை மாநிலத்தின் மலபார், தென் கன்னட மாவட்டங்களைச் சேர்ந்தவை. நம்மோடு இருந்த நாளில் அவற்றை நாம் எண்ணிப் பார்த்ததுண்டோ?

யார் படைத்தார் இத்தீவுகளை? கடவுளல்ல, கடலுக்கடியில் வாழும் பவழம் என்னும் சிற்றுயிர். சுண்ணாம்பைச் சுரந்து கூடு கட்டும், மடியும், அதன் மேல் அடுத்த தலைமுறை கட்டும். எரிமலை மெல்ல மெல்ல அமிழ, அதன் விளிம்பிலே பவழம் உயர்ந்தது; மலை மறைந்தது, வளையம் நின்றது, நடுவே காயல் தேங்கியது என்று 1842இல் டார்வின் எழுதினார். 1952இல் பசிபிக் கடலின் எனிவெட்டாக் தீவில் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. ஊகம் உண்மையாயிற்று!

இயற்கை அங்கே குன்றொன்றும் வைக்கவில்லை. கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயர்ந்த சமநிலம். மனிதன் விட்டானா? நிலமும் ஓடமும் உடையவர் கோயா. ஓடம் செலுத்துவோர் மால்மி. தென்னை ஏறி உழைப்போர் மேலாச்சேரி. மினிக்காய் நீங்கலான தீவுகளில் இதுவே அடுக்கு. தொழுகையிலே ஒரே வரிசை. வாழ்க்கையிலே மூன்று படி! பெயரில் 'மேல்' உண்டு, வாழ்விலோ கீழ்!

இத்தனைக்கும் மேலே கண்ணனூர் அறக்கல் அரசு. தீவார் திரித்த கயிற்றைத் தான் மட்டுமே வாங்கும். விலையும் தானே வைக்கும். கூலியாக அரிசி அளக்கும். பொறுத்தார்கள்; பொங்கினார்கள். அமினி முதலான தீவுகள் 1787இல் திப்பு சுல்தானின் ஆட்சிக்கு மாறின. 1799இல் திப்பு வீழ்ந்ததும் அவை கும்பெனியார் கைக்குச் சென்றன. எசமானர் மாறினர்; ஏறிய மரம் மாறவில்லை.

ஆயினும் அத்தீவாரிடம் நாம் கற்க வேண்டியதும் உண்டு. தாய்வழிக் குடும்பச் சொத்துக்கு அங்கே 'வெள்ளியாழ்ச்ச' என்று பெயர். அது பெண்வழியே இறங்கும். தானே ஈட்டிய சொத்து 'திங்களாழ்ச்ச'. மணமான பெண் தாய் வீட்டிலேயே வாழ்வாள். கணவன்தான் தேடி வருவான். தமிழகத்திலோ பெண்ணுக்கு மூதாதையர் சொத்தில் சமபங்கு தரும் சட்டம் 1989இல்தான் வந்தது. மார்க்கம் ஒன்று, மரபு ஒன்று. இரண்டையும் இணைத்து வாழ்ந்த மக்கள் அவர்கள். வழக்கங்கள் மனிதன் வகுத்தவை, மனிதனே மாற்றத்தக்கவை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பிறகு பள்ளிகள் பெருகின. 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 91 பேருக்கு மேல் எழுத்தறிந்தவர். மரமேறியின் பிள்ளை ஏடெடுத்தான். பழைய படிகள் ஆட்டங்கண்டன.

இன்றோ புதிய பகை: கடல் சூடேறுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவழம் வெளுத்து மடிந்தது. தீவைக் கட்டியவை பெயரற்ற சிற்றுயிர்கள். தீவை வாழவைத்தவர் பெயரெழுதப்படாத உழைப்பாளிகள். இருவரையும் மறந்த வரலாறு அரைகுறை வரலாறே. தோழர்களே, அரசர் பட்டியலை ஒப்பித்தது போதும். கட்டியவர் யார் என்று கேளுங்கள்!